விடை சொல்லாத விளையாட்டுகள்

முன்னுரை

கணினி விளையாட்டு என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பவர்கள் அதிகம். "படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு?" என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. விடிய விடியச் சுட்டுத் தள்ளிவிட்டு, காலை எட்டு மணி விரிவுரையில் கண்ணயர்ந்தவர்கள் பலரை ஸ்கூடாய் வளாகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால், எல்லா விளையாட்டுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போது வென்றோம் என்று எதையுமே வாய்விட்டுச் சொல்லாத விளையாட்டுகள் உள்ளன. அவை இரகசியங்களை ஒளித்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். கண்டுபிடிக்க வேண்டியவர் விளையாடுபவரே. அவற்றை இக்கட்டுரையில் 'மறைபொருள் விளையாட்டுகள்' என்று அழைக்கிறேன்.

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் இவற்றுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு செய்யுளை நாமே படித்துப் பொருள் காண்பது ஒன்று. நோட்ஸில் இருக்கும் பொருளை மனப்பாடம் செய்வது வேறொன்று. எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்த பலர் இரண்டாவது வழியிலேயே வந்திருக்கிறோம். முதல் வழியின் சுவையை மறந்துவிட்ட நமக்கு அதை மீண்டும் பழக்கக்கூடியவை இவ்விளையாட்டுகள் என்பது என் கருத்து. அதனை இனி விளக்கமாகக் காண்போம்.

மறைபொருள் விளையாட்டு என்றால் என்ன?

இதன் வரலாறு ஒரு சிறு புள்ளியில் தொடங்குகிறது. அட்டாரி நிறுவனம் 1980-இல் 'அட்வெஞ்சர்' எனும் விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்தில் விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை நிறுவனம் எங்கும் குறிப்பிடுவதில்லை. அதை உருவாக்கிய வாரன் ராபினெட், தம் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்தார். அவ்வறைக்குள் நுழைய, பின்னணி நிறத்திலேயே இருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு புள்ளியைக் கண்டெடுக்க வேண்டும். இளம் விளையாட்டாளர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே விவரம் தெரிந்தது. இத்தகைய ஒளிவுகளுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்ற பெயர் அப்போது வந்து நிலைத்தது.

ஜப்பானில் 1986-இல் வெளிவந்த 'செல்டா', இரகசியங்களையே விளையாட்டின் உயிராக்கியது. அதை வடிவமைத்த ஷிகேரு மியமோட்டோ, கியோட்டோவுக்கு அருகில் கழிந்த தம் சிறுவயதில் காடுகளிலும் குகைகளிலும் சுற்றித் திரிந்த அனுபவமே அதன் மூலம் என்று கூறியுள்ளார். அடுத்து 1993-இல் மில்லர் சகோதரர்கள் 'மிஸ்ட்' எனும் விளையாட்டைத் தந்தனர். ஆளரவமற்ற ஒரு தீவில் நாம் நிற்போம். எதிரி இல்லை; மரணம் இல்லை என்றே சொல்லலாம்; அறிவுரையும் இல்லை. அதன் பெட்டிக்குள் ஒரு வெற்றுக் குறிப்பேடும் இருந்தது. 'நீயே எழுதிக்கொள்' என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற விளையாட்டு அது.

இவற்றைக் கொண்டு மூன்று இலக்கணங்களை வகுக்கலாம். முதலாவது, விளையாட்டு எதையும் விளக்காது; ஆனால் எதையும் காரணமின்றி வைக்காது. இரண்டாவது, நாம் சேர்ப்பது வாளோ பொன்னோ அன்று, அறிவு. மூன்றாவது, அந்த அறிவை ஒரு முறைதான் பெற முடியும். தெரிந்த பின் தெரியாததாக ஆக்க முடியாது. மூன்றாவதே மிக முக்கியமானது. அதனால்தான் இவ்விளையாட்டுகளைப் பரிந்துரைப்பது கடினம். பாதி சொன்னாலே பாதியைப் பறித்துவிடுவோம்.

தமிழருக்கு இது புதிதா?

நிச்சயமாக இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு 'பிசி' என்பதையும் ஓர் இலக்கிய வகையாக எண்ணுகிறது. பிசி என்பது இன்று நாம் சொல்லும் விடுகதை. விடையை மறைத்துச் சொல்வதற்கு இலக்கணத்திலேயே இடம் தந்த மொழி நம்முடையது.

அக இலக்கியத்தில் இம்மறைப்பு இன்னும் நுட்பமாகிறது. மருத நில வயலில் ஓர் எருமை தாமரையை மிதித்துச் சென்றது என்று தோழி சொன்னால், அவள் எருமையைப் பற்றி மட்டும் பேசவில்லை. யார் எருமை, யார் தாமரை என்பதைக் கேட்பவர்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். இதையே உள்ளுறை உவமம் என்கிறோம். நிலம், பொழுது, பூ, பறவை என்று கருப்பொருள் ஒவ்வொன்றும் ஒரு தடயம். பொருத்தம் புலப்படும் கணத்தில் ஏற்படும் மகிழ்ச்சி, நல்ல மறைபொருள் விளையாட்டில் பூட்டுத் திறக்கும் கணத்து மகிழ்ச்சிக்கு இணையானது என்றால் மிகையாகாது. உரையாசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டால் பொருள் கிடைக்கும். அந்தக் கணம் கிடைக்காது.

சித்திரகவிகளையும் இங்கே நினைவுகூரலாம். பின்னிருந்து படித்தாலும் அதுவாகவே வரும் மாலைமாற்றைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். எழுத்துகளைப் பின்னிய பாம்புகளின் உடலில் அடைத்துப் பாடும் நாகபந்தம் போன்றவற்றுக்குத் தண்டியலங்காரம் இலக்கணம் சொல்கிறது. ஓலையில் விளையாடியதைத் திரையில் விளையாடத் தயங்க வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

இனி, நான் விளையாடிய சிலவற்றை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசையில் தருகிறேன். கதை முடிச்சுகளை அவிழ்க்காமல், வாசல் வரை மட்டும் உங்களை அழைத்துச் செல்வேன்.

முதலில் 'வெண்பா' (2023). கனடாவின் தொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கிய இவ்விளையாட்டு, 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து அங்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. வெண்பா என்பவர் தம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறார். பக்கங்கள் கிழிந்தும் கறை படிந்தும் கிடக்கின்றன. இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி மேலே போகும்? புட்டுக் குழாயில் எது முதலில், எது அடுத்து? எழுத்து அழிந்த இடத்தில் நம் அறிவுதான் நிரப்ப வேண்டும். நம் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்தவருக்கு இவ்விளையாட்டு தனிச்சலுகை தருகிறது. பின்னர் ஒரு கட்டத்தில் அப்புத்தகம் மகன் கவினின் கைக்கு வருகிறது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இவ்விளையாட்டு, 2024-இல் தனிநிலை விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வென்றது.

அடுத்து, நம் நாட்டுப் படைப்பான 'சிமுலாக்ரா' (2017). மலேசியாவின் கைகன் கேம்ஸ் உருவாக்கியது. காணாமற்போன ஒரு பெண்ணின் கைத்தொலைபேசி உங்கள் கையில் கிடைக்கிறது. அவருடைய குறுஞ்செய்திகள், படங்கள், மின்னஞ்சல்கள் ஆகியவைதாம் விளையாட்டுக் களம். கைத்தொலைபேசியிலேயே விளையாடலாம் என்பதால் திரை முழுக்க உண்மைபோல் தோன்றும். திகில் பிடிக்காதவர்கள் இரவில் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, சாம் பார்லோவின் 'ஹெர் ஸ்டோரி' (2015). ஒரு பழைய காவல்துறைக் கணினி. ஒரு பெண்ணிடம் எடுக்கப்பட்ட வாக்குமூலங்களின் துண்டுக் காணொளிகள். நீங்கள் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால், அச்சொல்லை அவர் பேசிய துண்டுகளில் முதல் ஐந்து மட்டும் வரும். எந்தச் சொல்லைத் தேடுவது என்பதே விளையாட்டு. கூர்ந்து கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் வெல்வார்கள். மொழி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை.

நான்காவது, லூகாஸ் போப்பின் 'ரிடர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018). கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று 1807-இல் ஆளின்றித் திரும்பி வருகிறது. நீங்கள் காப்புறுதி ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும். அவர்களுள் இந்தியக் கடலோடிகளும் உண்டு. மூவரின் முடிவைச் சரியாக எழுதினால்தான் விளையாட்டு 'சரி' என்று உறுதிசெய்யும். குருட்டாம்போக்கில் அடித்துப் பார்க்க வழியில்லாமல் செய்த ஏற்பாடு அது. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் என்பதால் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும்.

ஐந்தாவதாக மொழியையே புதிராக்கிய இரண்டு: 'ஹெவன்ஸ் வால்ட்' (2019), 'சாண்ட்ஸ் ஆஃப் செனார்' (2023). பின்னதில் ஒரு கோபுரத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு மக்கள், ஒரு மொழி, ஓர் எழுத்துமுறை. மொத்தம் ஐந்து மொழிகள். பேசுவது புரியாது, ஆனால் கதவருகே ஒரு குறி, வணங்கும்போது ஒரு குறி என்று பார்த்துப் பார்த்து நாமே அகராதி எழுத வேண்டும். விளையாடும்போது எனக்குத் தமிழி எழுத்து ஆய்வாளர்களே நினைவுக்கு வந்தார்கள். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் 1882-இல் கண்டறியப்பட்டன. அவற்றின் மொழி தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924-இல். இடையில் 42 ஆண்டுகள்! சிந்துவெளி எழுத்தோ இன்னமும் பூட்டியே கிடக்கிறது. அதைத் தெளிவுறப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழக முதல்வர் மு. க. ஸ்டாலின் 2025 ஜனவரியில் அறிவித்தார். விடைத்தாள் இல்லாத புதிர்கள் திரைக்கு வெளியேயும் உண்டு என்பதற்கு இது சான்று.

ஆறாவதாக 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019). ஒரு சிறு சூரியக் குடும்பம், 22 நிமிடம், பிறகு எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும். நீங்கள் எடுத்துச் செல்லக்கூடியது தெரிந்துகொண்டதை மட்டுமே. கடைசிக் கதவு முதல் நிமிடத்திலிருந்தே திறந்துதான் இருக்கிறது. அதைத் திறக்கத் தெரியாதவர் நாம். இதைப் பற்றி எதையும் தேடிப் படிக்காமல் விளையாடுங்கள். இது அலெக்ஸ் பீச்சம் என்பவரின் முதுகலைத் திட்டமாகத் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2020-இல் சிறந்த விளையாட்டுக்கான பாஃப்டா விருது வரை சென்றது என்பதைப் பல்கலைக்கழக மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இவற்றில் கைதேர்ந்த பின், புரியாத எழுத்தில் அச்சிட்ட கையேட்டின் பக்கங்களைப் பொறுக்கிச் சேர்க்க வைக்கும் 'டூனிக்' (2022), ஒருவரே ஏறக்குறைய ஏழாண்டுகள் உழைத்து அடுக்கடுக்காக இரகசியங்களைப் புதைத்த 'அனிமல் வெல்' (2024) ஆகியவற்றுக்குச் செல்லலாம்.

விளையாடும் முறை

இத்தகைய விளையாட்டுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். என் அனுபவத்தில் பயன்தந்தவற்றைக் கூறுகிறேன்.

ஒன்று, காகிதக் குறிப்பேடு. கண்டதை இடப்பக்கமும் ஊகித்ததை வலப்பக்கமும் எழுதுங்கள். கண்டதும் ஊகமும் கலந்துவிட்டால் புதிர் இறுகிவிடும். ஆய்வேடு எழுதும்போதும் இப்பழக்கம் கைகொடுக்கும்.

இரண்டு, துணை. இருவர் அல்லது மூவராக அமர்ந்து, ஒருவர் இயக்க, மற்றவர் குறிப்பெடுங்கள். விடுதி அறையில் 'ஓப்ரா டின்' விளையாடும் தம்பி தங்கைகளோடு ஒரு மாலை அமர்ந்தேன். "அண்ணே, அவர் போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க" என்று ஒரு தங்கை சொன்னதில் அரைமணி நேரத் தேக்கம் உடைந்தது. அவர் அதற்குமுன் கணினி விளையாட்டுப் பக்கமே வராதவர்.

மூன்று, காத்திருப்பு. சிக்கிக்கொண்டால் உடனே இணையத்தில் விடையைத் தேடாதீர்கள். மூடிவிட்டுத் தூங்குங்கள். என் பாட்டி தோட்டத்து வீட்டுத் திண்ணையில் விடுகதை போட்டால், மறுநாள் மாலை வரை எவ்வளவு கெஞ்சினாலும் விடை சொல்லமாட்டார். அந்த ஒரு பகல் முழுவதும் நாங்கள் பார்த்த பொருளெல்லாம் விடையாக இருக்குமோ என்று தோன்றும். உலகத்தையே உற்றுப் பார்க்க வைத்தது அந்தக் காத்திருப்புதான்.

நான்கு, பிறருடைய கண்டுபிடிப்பைப் பறிக்காதிருத்தல். நண்பர் கேட்டால், விடையைச் சொல்லாமல், "அந்த அறையை மறுபடியும் பார்த்தாயா?" என்று கேளுங்கள். நல்லாசிரியர் செய்வதும் அதுவே.

விடை மட்டும் கிடைத்தால் போதாதா என்போருக்கு 'ஃபெஸ்' (2012) எனும் விளையாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதிலிருந்த ஒரு கருங்கல் புதிரை எவராலும் அவிழ்க்க முடியவில்லை. விளையாட்டாளர் பலர் கூடி, சாத்தியமான விசைத் தொடர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு முயன்று திறந்துவிட்டனர். திறந்தது, ஆனால் ஏன் திறந்தது என்று திறந்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்து முழுப் புள்ளி பெறும் நம் தேர்வு முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒரு கணக்குப் புத்தகம்

இப்பழக்கத்தால் திரைக்கு வெளியே எனக்குக் கிடைத்த பயனை இங்கே பதிவு செய்கிறேன். என் தாத்தா கூலாய் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். அவர் எழுதிய புத்தகம் ஒன்று வீட்டு அலமாரியில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கே பாதிக்கு மேல் புரியவில்லை. எண்கள் தமிழ் எண்கள். இடையிடையே விளங்காத குறிகள். வீட்டில் பழைய பொருள்களை ஒழிக்கும் நேரம் வந்தபோது, படிக்க முடியாத புத்தகம் எதற்கு என்ற பேச்சு எழுந்தது. இரண்டு வாரம் தவணை கேட்டேன்.

'மிஸ்ட்' தீவில் செய்ததையே செய்தேன். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் ஊகம். ௸ என்ற குறி வரிக்கு வரி வந்தது. ஆனால் எந்த மனிதரின் கணக்கிலும் முதல் வரியில் அது வரவில்லை. பெயருக்குக் கீழேதான் வந்தது. அப்படியானால் 'மேலே சொன்ன அதே ஆள்' என்றுதானே பொருள்? ஆம், அது 'மேற்படி'. ௶ வந்த வரியில் தொகை கூடியது. ௷ வந்த வரியில் குறைந்தது. முன்னது பற்று, பின்னது வரவு. அரிசிக் கணக்கில் வந்த 'வ' என்பது கால் என்று கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இறுதியில் பெரியப்பாவிடம் காட்டியபோது அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்.

எழுத்து திறந்த பிறகு மனிதர்கள் தெரிந்தார்கள். ஒருவர் பெயரில் பற்று மட்டுமே ஏழு மாதம் ஏறிக்கொண்டு போகிறது. எட்டாவது மாதம் வரவுக் குறி இருக்கிறது. தொகையைக் கொடுத்தவர் பெயர் அவருடையதன்று, தாத்தாவுடையது. அதைப் பற்றித் தாத்தா வீட்டில் ஒருவரிடமும் பேசியதில்லை. அப்புத்தகம் ஒழிக்கப்படவில்லை. இப்போது என் மேசையில் இருக்கிறது.

ஜொகூரில் காத்திருக்கும் புதிர்

நாம் விளையாடுபவர்களாக மட்டும் இருந்துவிட வேண்டுமா? நம் மாநிலத்திலேயே ஒரு பெரும் மறைபொருள் உள்ளது. 2005 பிப்ரவரியில், ஜொகூர்க் காட்டுக்குள் 'கோத்தா கெலாங்கி' எனும் பழைய நகரம் புதைந்திருக்கலாம் என்ற செய்தி நாட்டையே பரபரப்பில் ஆழ்த்தியது. 'செஜாரா மெலாயு' எனும் மலாய் வரலாற்று நூல், ராஜா சூரான் என்ற மன்னன் இந்தியாவிலிருந்து படையோடு வந்து, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கற்கோட்டை நகரை வென்றதாகக் கூறுகிறது. அதே மன்னன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்குச் சென்றதாகவும் கதை தொடர்கிறது. இக்கதையில் ராஜேந்திர சோழனின் 1025 கடற்படையெடுப்பின் நினைவு இருப்பதாகக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. காட்டில் தேடிய பாரம்பரியத் துறையினர், நகரம் இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2006-இல் தெரிவித்தனர்.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியோ அவன் வென்ற ஊர்களைப் பெயர் பெயராக அடுக்குகிறது. கடாரம் கெடா, இலங்காசோகம் லங்காசுகா, மாநக்கவாரம் நிக்கோபார். ஆனால் வளைப்பந்தூறு எது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஒரு தமிழ்க் கல்வெட்டு, ஒரு மலாய் நூல், ஒரு காடு, ஓர் ஆறு. மறைபொருள் விளையாட்டுக்கு இதைவிடச் சிறந்த களம் வேறென்ன வேண்டும்? கணினி அறிவியல் படிப்போரும் தமிழ் ஆர்வலரும் ஒரே கழகத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். ஒருவர் நிரல் எழுத, ஒருவர் படம் வரைய, ஒருவர் மெய்க்கீர்த்தியைப் படித்துத் தடயங்களைத் தொகுக்கலாம். தமிழ் எண்ணும் குறியும் தெரிந்தால்தான் கதவு திறக்கும் என்று அமைத்தால், நம் தம்பி தங்கைகள் தேர்வுக்காக அல்லாமல் கதவுக்காகத் தமிழ் கற்பார்கள்.

முடிவுரை

மறைபொருள் விளையாட்டுகள் நமக்குத் தருவது பொழுதுபோக்கு மட்டுமன்று. தெரியாததைக் கண்டு அஞ்சாமல் அதன் முன் பொறுமையாக அமரும் துணிவைத் தருகின்றன. அத்துணிவு இருந்தால் சங்கப் பாடல் கடினமாகத் தோன்றாது. கல்வெட்டு அந்நியமாகத் தோன்றாது. அம்மாவின் கையெழுத்தில் உள்ள சமையல் குறிப்பும், தாத்தாவின் கணக்கும் குப்பையாகத் தோன்றா.

இவ்விடுமுறையில் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குறிப்பேடும் ஒரு நண்பரும் போதும். பிறகு உங்கள் வீட்டு அலமாரியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே இருப்பதற்கு விடை சொல்லும் இணையப்பக்கம் எதுவும் கிடையாது. அதைப் படிக்கக்கூடியவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும்.